கட்டுக்கட்டாகப் போகும் சாம்பல் சத்து

ஓர் ஏக்கர் கம்பு நேப்பியர் புல் ஒரு வருடத்தில் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தைப் பொட்டாஷ் மூட்டைகளாக எண்ணினால் சுமார் 12 மூட்டை வரும். அதே ஏக்கருக்கு நாம் போடச் சொல்லும் அளவு அரை மூட்டை.

கணக்கு எளிதுதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008ல் வெளியிட்ட கோ 4 ரகம் எக்டேருக்கு ஆண்டுக்கு 375 டன் பசும்புல் தரும் என்பார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் கிணற்றையும் மின்மோட்டாரையும் நம்பியிருப்பவர் அதில் பாதி எடுத்தாலே கெட்டிக்காரர். பாதி என்றால் ஏக்கருக்கு 75 டன். ஈரம் போக ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்தால் 15 டன். அதில் பொட்டாசியம் 2 சதவீதம் என்றால் 300 கிலோ. உர மூட்டையில் எழுதும் ஆக்சைடு கணக்கில் அது 360 கிலோ. மூட்டைப் பொட்டாஷில் 60 சதவீதம்தான் சத்து என்பதால் 600 கிலோ உரம், அதாவது 50 கிலோ மூட்டையில் 12. பரிந்துரையோ எக்டேருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 40 கிலோ. ஏக்கருக்கு வந்தால் சாம்பல் சத்து 16 கிலோ, உரமாக 27 கிலோ. ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து மேலுரமாகப் போடு என்று சொல்லும் அதே பரிந்துரை, சாம்பல் சத்தை வருடத்துக்கு ஒருமுறையோடு விட்டுவிடுகிறது.

பரிந்துரை எழுதியவர்கள் ஏமாளிகள் அல்லர். எக்டேருக்கு 25 டன் தொழு உரம் போடுவதையும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். தொழு உரத்தில் சாம்பல் சத்து அரை சதவீதம் என்றால் ஏக்கருக்கு 50 கிலோ அங்கிருந்து வரும். அப்படியும் 360ஐ எட்ட 66 கிலோதான் கையில் இருக்கிறது. மீதி எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு வரும், வராமல் போனால் புல்லும் மாடும் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களை வைத்து இதைப் பார்க்கும்போது பதில் வயலைத் தாண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போகிறது.

முதலில் பாறையைப் பார்க்கலாம். பல்லாவரம் குன்றுகளும் பரங்கிமலையும் சார்னகைட் என்ற பாறையால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் இந்த வகைதான் என்று கண்டு 1893ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பாறையில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் நிறைய உண்டு. அது சிதைந்து வந்த செம்மண்ணிலும் ஏரி வண்டலிலும் சாம்பல் சத்துக்கு ஒரு கையிருப்பு இருக்கிறது. ஆனால் ஃபெல்ட்ஸ்பார் சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். மண் பரிசோதனை அறிக்கையில் 'சாம்பல் சத்து: நடுத்தரம்' என்று வருவது அன்றைக்கு வேருக்கு எட்டக்கூடிய பங்கை மட்டுமே சொல்கிறது. பின்னால் இருக்கும் இருப்பையும், அது எந்த வேகத்தில் கைக்கு வரும் என்பதையும் அந்த எண் சொல்லாது. நேப்பியரைப் போல வருடத்தில் ஆறேழு முறை வெட்டும் பயிருக்கு அந்த வேகம்தான் முக்கியம்.

அடுத்தது தண்ணீர். பாசனக் கிணற்றில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் இருந்தாலே, வருடம் முழுக்க ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஏக்கருக்கு 60 கிலோ போய்ச் சேரும். கழிவுநீர் கலந்த வாய்க்கால் என்றால் அதைவிடக் கூடுதல். மூன்றாவதாகப் புல்லின் சிக்கனம். கிடைத்தால் 3 சதவீதம் வரை இழுத்து வைத்துக்கொள்ளும் புல், கிடைக்காதபோது 1 சதவீதத்துக்குச் சற்று மேலேயும் ஓரளவு விளைந்துவிடும். ஆகவே 12 மூட்டை என்பது தாராளமாகக் கிடைக்கிற இடத்துக் கணக்கு. கஞ்சத்தனமான மண்ணில் அது 7 மூட்டையாகச் சுருங்கும். அப்போதும் அரை மூட்டைக்கும் ஏழுக்கும் நடுவே பெரிய பள்ளம்தான்.

பள்ளம் எப்போது வெளியே தெரியும்? வெப்பமண்டல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றன. போர்ட்டோ ரிக்கோவில் விசென்டே சாண்ட்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1950களிலும் 60களிலும் நேப்பியர், கினியாப் புல், நீர்ப்புல் போன்றவற்றுக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டு அடிக்கடி வெட்டிப் பார்த்தார்கள். பொட்டாஷ் பற்றிய அவர்களுடைய முக்கியமான கட்டுரை 1962ல் வெளிவந்தது. முதல் சில வெட்டுகளில் பொட்டாஷ் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மண் தன் கையிருப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அது தீரத் தீர, போடாத பாத்தி பின்தங்கும். தழைச்சத்து குறைவாக இருக்கும் இடத்தில் பொட்டாஷ் போட்டாலும் பலன் தெரியாது. தழைச்சத்து கூடக் கூடத்தான் சாம்பல் சத்தின் பசி வெளிப்படும். பிரேசிலின் செராடோ நிலங்களில் பிராக்கியாரியா மேய்ச்சல் காடுகள் நலிந்துபோனதற்குச் சொல்லும் காரணங்களில் சத்து வறட்சியும் ஒன்று. அங்கே மண் மிகவும் பழையது, மழையில் கழுவப்பட்டது. நம் செம்மண்ணில் இருக்கும் கையிருப்பு அதற்குக் கிடையாது.

ஒரு வருடச் சோதனையை வைத்து 'பொட்டாஷுக்குப் பலனில்லை' என்று முடிவு கட்டுவது ஆகாது. புல் சோதனைக்கு மூன்று வருடமாவது வேண்டும். நம் விவசாயிகள் இதை வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். நான்காம் வருடம் தூர் நடுவில் காய்ந்து, தண்டு மெலிந்து, காற்றுக்குச் சாய ஆரம்பித்ததும், "தூர் கிழமாயிடுச்சு சார், புதுக் கரணை நடணும்" என்பார்கள். தூருக்கு வயதாவது உண்மைதான். ஆனால் அந்த முதுமையில் ஒரு பங்கு பட்டினியாலும் வரும் என்பது என் எண்ணம். தண்டின் உறுதியும் தூரில் சேமிக்கும் மாவுச்சத்தும் வெட்டியபின் துளிர்க்கும் வேகமும் பொட்டாசியத்தை நம்பியிருக்கின்றன. இலையில் செய்த சர்க்கரையைக் கீழே இறக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டினியைக் கண்ணாலேயே பார்க்கலாம், கொஞ்சம் குனிய வேண்டும். தூரின் மேலே இருக்கும் இளம் இலையை விட்டுவிட்டு அடியில் இருக்கும் முதிர்ந்த இலையைப் பிடியுங்கள். நுனியிலிருந்து இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் கோடு இறங்கி, பிறகு பழுப்பாகிக் கருகியிருக்கும். நடுநரம்பு மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும். பொட்டாசியம் ஓரிடத்தில் நிற்காத சத்து. குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கி இளம் இலைக்கு அனுப்பிவிடும். தழைச்சத்துப் பற்றாக்குறையில் மஞ்சள் நடுநரம்பை ஒட்டி உள்ளே இறங்கும், ஓரம் பச்சையாக இருக்கும். இரண்டும் நேர்மாறு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி மணலில் மட்டும் இந்தச் சோதிடம் பலிக்காது. அங்கே உப்புத் தண்ணீரும் இலையின் ஓரத்தைத்தான் முதலில் கருக்கும். கருகலைப் பார்த்துப் பொட்டாஷ் மூட்டையைத் தூக்கினால், அதிலுள்ள குளோரைடு உப்பை இன்னும் ஏற்றிவிடும்.

விளைச்சலை விடத் தரம் சிக்கலான விஷயம். பொட்டாஷ் போட்டால் புல்லில் புரதம் கூடும் என்று உரக்கடைகளில் சொல்வார்கள். ஆய்வுகள் அவ்வளவு தாராளமாகச் சொல்வதில்லை. வேர் எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்றப் பொட்டாசியம் தேவை என்பது சரி. பற்றாக்குறை உள்ள மண்ணில் அதைப் போட்டால் செடிக்குள் தேங்கும் நைட்ரேட் குறையும். ஆனால் விளைச்சல் கூடும்போது அதே தழைச்சத்து அதிகப் புல்லில் பரவிப் புரதச் சதவீதம் சில சமயம் இறங்கவும் செய்யும். செரிமானத்தில் பெரிய மாற்றம் கிடையாது. புல்லின் புரதத்தையும் நாரையும் தீர்மானிப்பது முக்கியமாக அறுப்பு நாள்தான். 45 நாளில் வெட்ட வேண்டியதை 70 நாள் விட்டுவிட்டு, தரத்துக்குப் பொட்டாஷைக் கேட்பது வீண். வேலிமசாலை ஊடுபயிராக வைத்திருப்பவர்களுக்குப் பலன் வேறு வழியில் வரும். புல்லின் சல்லிவேர் பொட்டாசியத்தைப் பிடுங்குவதில் பயறுவகை வேரை விடக் கில்லாடி. சத்து பற்றாத மண்ணில் முதலில் மெலிவது வேலிமசால். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856ல் தொடங்கி இன்றும் நடக்கும் புல்வெளிச் சோதனையிலும், தழைச்சத்து போடாமல் மணியும் சாம்பலும் போட்ட பாத்திகளில்தான் பயறுவகைகள் செழித்தன.

தட்டுப்பாட்டை விட்டுவிட்டு மிகுதிக்கு வந்தால் மாட்டின் பிரச்சினை தொடங்குகிறது. பொட்டாசியத்தைத் தேவைக்கு மேல் இழுக்கும் புல், சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் சோடியத்தையும் குறைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையிலும் மெக்னீசியம் ஏறுவதைப் பொட்டாசியம் தடுக்கும். 1957ல் நெதர்லாந்தில் கெம்ப், தார்ட் இருவரும் புல்லில் பொட்டாசியத்துக்கும், சுண்ணாம்பும் மெக்னீசியமும் சேர்ந்ததற்கும் உள்ள விகிதம் 2.2ஐத் தாண்டினால் வலிப்பு நோய் கூடுகிறது என்று கண்டார்கள். இந்த விகிதம் எடையில் அல்ல, மில்லி ஈக்விவலண்டில். அது குளிர்நாட்டு வசந்தகாலப் புல்லின் நோய், நம் ஊரில் அபூர்வம். நமக்கு நெருக்கமானது பால் காய்ச்சல். அமெரிக்காவின் ஐயோவாவில் காஃப், ஹார்ஸ்ட் இருவரும் 1997ல் வெளியிட்ட சோதனையில் கன்று ஈனும் முன் மாடுகளின் தீவனத்தில் பொட்டாசியத்தை 1.1 சதவீதத்திலிருந்து 2.1, 3.1 என்று உயர்த்தினார்கள். சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடில்லை. பொட்டாசியம் கூடியதும் பால் காய்ச்சல் கூடியது. சோதனைக்கு எடுத்தவை ஜெர்சி மாடுகள். தாம்பரம் சுற்றுப்புறத்துக் கொட்டகைகளில் நிற்பவற்றில் ஜெர்சி கலப்புதான் அதிகம் என்பதால் இதைப் படித்துவிட்டு ஒதுக்கிவைக்க முடியவில்லை.

இன்னொன்று ஆக்சலேட். நேப்பியரில் இயல்பாகவே அது உண்டு, இளம்புல்லில் அதிகம். சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செட்டேரியா புல் மேய்ந்த மாடுகள் ஆக்சலேட் நஞ்சில் செத்த செய்தி 1970ல் வந்தது. அதே புல்லில் பொட்டாசியத்தைக் கூட்டினால் ஆக்சலேட் கூடுவதை எஃப். டபிள்யூ. ஸ்மித் 1972ல் காட்டினார். உள்ளே நுழையும் பொட்டாசியத்துக்கு ஈடுகட்ட ஒரு கரிம அமிலம் தேவைப்படுகிறது, புல் அதை ஆக்சலேட்டாகச் செய்துகொள்கிறது. பழகிய மாட்டின் வயிற்றில் இதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். நேற்றுவரை வைக்கோல் தின்ற மாட்டுக்கு இன்று வயிறு நிறைய இளம் நேப்பியர் போடுவதில்தான் ஆபத்து.

இனி தென்சென்னைப் புறநகரின் தனி நிலவரம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி ஆனதும் மாடுகள் போய்விடவில்லை, அவற்றின் மேய்ச்சல் நிலம் மனையாகிவிட்டது. சேலையூரிலும் திருநீர்மலையிலும் நான்கைந்து மாடு வைத்திருப்பவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் புல் கிடையாது. பசும்புல் படப்பை, மணிமங்கலம் பக்கத்து வயல்களிலிருந்து கட்டாகக் கட்டி வருகிறது. இல்லாவிட்டால் அடையாற்றின் ஓரத்திலும் ஏரிக் கால்வாய்களிலும் கழிவுநீர் குடித்து வளர்ந்த நீர்ப்புல் வருகிறது. இரண்டும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன, ஆனால் சாம்பல் சத்தில் இரண்டும் இரு துருவம். வயல் புல்லில் சத்து வருடா வருடம் வறள்கிறது. வாய்க்கால் புல் வேண்டிய மட்டும் குடித்து ஊறியது. கழிவுநீர்ப் புல்லில் கன உலோகங்கள் வரக்கூடும் என்ற கவலை தனி. சாம்பல் சத்தைப் பொறுத்தவரை, சினை மாட்டுக்குக் கடைசி மூன்று வாரம் இந்தப் புல்லைப் போடாமலிருப்பதே நல்லது என்பேன். அந்த நாட்களுக்கு வைக்கோலும் முற்றிய சோளத்தட்டையும் பாதுகாப்பு. வைக்கோலிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் அளவாக. கறவை மாட்டுக்குப் பயமில்லை, பாலிலும் சிறுநீரிலும் வெளியேற்றிவிடும். தாது உப்புக் கலவையையும் கல்லுப்பையும் மட்டும் நிறுத்தக்கூடாது. பொட்டாசியம் மிகுந்த புல்லில் சோடியம் குறைவு.

வெளியேற்றிவிடும் என்றேனே, எங்கே? ஒரு கலப்பினப் பசு நாளைக்கு 30 கிலோ பசும்புல் தின்றால் 120 கிராம் பொட்டாசியம் உள்ளே போகும். 10 லிட்டர் பால் கறந்தால் அதில் வெளிவருவது 15 கிராம். வளர்ந்த மாட்டின் உடம்பு இதைச் சேமித்து வைக்காது. மிச்சம் 105 கிராமும் சாணியிலும் சிறுநீரிலும் போகிறது, அதில் பெரும்பங்கு சிறுநீரில். வருடத்துக்கு 38 கிலோ. பொட்டாஷ் உரக் கணக்கில் ஒன்றரை மூட்டை. தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் வழியே வருவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். நான்கு மாட்டுக் கொட்டகையில் வருடத்துக்கு ஆறு மூட்டைப் பொட்டாஷ் கோமியமும் சாணியுமாகக் கிடக்கிறது. சாணியில் ஒரு பங்கு வரட்டியாகவோ எருவாகவோ எங்காவது பயன்படுகிறது. கோமியம் தினமும் காலையில் பிளாஸ்டிக் குழாயின் தண்ணீரோடு தெருச் சாக்கடைக்கு, அங்கிருந்து ஏரிக்கு. செம்பாக்கத்திலும் பீர்க்கன்காரணையிலும் ஏரிகளில் ஆகாயத்தாமரை விரித்துப் படுத்திருப்பதற்கு முதல் காரணம் தழையும் மணியும்தான். ஆனால் அந்தச் செடி உடம்பெல்லாம் பொட்டாசியத்தைச் சேர்த்துவைப்பது. பொக்லைன் வைத்து வாரிக் கரையில் கொட்டிக் காயவிட்டு அள்ளிப்போகும் குப்பைக்குள் படப்பை வயலின் சாம்பல் சத்தும் இருக்கிறது. 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் சுற்று வட்டார ஏரிகளின் உபரிநீர் இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் போய்ச் சேருகிறது.

இதை விலையில் பார்த்தால் உறைக்கும். இந்தியாவில் வணிக அளவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று கப்பலில் வந்து இறங்குகிறது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வரும்வரை டன் 4,455 ரூபாய், மூட்டை 222 சொச்சம். பிறகு விலை கம்பெனி கையில் விடப்பட்டது. 2022ல் மூட்டை 1,700 ரூபாய். யூரியாவின் விலை அதே காலத்தில் பெரிதாக அசையவில்லை. அறுப்புக்கு அறுப்பு யூரியா மட்டும் விழுவதற்கு விவசாயியின் அறியாமையைக் குறை சொல்வதைவிட இந்த விலைப்பட்டியலைச் சொல்வது நியாயம். கரும்பாலைக் கழிவிலிருந்து எடுக்கும் பொட்டாஷுக்கு 2021 முதல் மானியம் உண்டு. அதில் சத்து 14.5 சதவீதம்தான், ஆனால் உள்நாட்டுச் சரக்கு. புல்லுக்குப் போட ஒன்றும் குறைவில்லை.

வயலில் செய்ய வேண்டியதில் ரொம்பப் புதுமை கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டால் முதல் வெட்டுப் புல் மட்டும் அளவுக்கு மீறித் தின்றுவிடும், ஐந்தாம் வெட்டு பட்டினி கிடக்கும். ஆகவே ஒவ்வோர் இரண்டு அறுப்புக்கும் ஒருமுறை பிரித்துப் போடலாம். மணல் நிலத்தில் ஒவ்வோர் அறுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே போடுவது காசைக் கரைப்பது. ஜனவரி அறுப்புக்குப் பிறகு தொடங்கினால் கோடை வறட்சியைத் தாங்கவும் உதவும், இலைத்துளைகளைத் திறந்து மூடுவது பொட்டாசியத்தின் வேலை. அளவுக்கு என் கணிப்பைக் கேட்டால், 12 மூட்டையைத் திரும்பப் போடு என்று சொல்லமாட்டேன். மண்ணின் கையிருப்பும் தண்ணீரும் பாதியைத் தரட்டும். மீதியில் பெரும்பங்கை எருவும் கோமியமும் தரவேண்டும், மூட்டை இரண்டோ மூன்றோ போதும். இலையில் 1.5 முதல் 2 சதவீதத்துக்குள் பொட்டாசியம் நிற்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் வயலுக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு சமரசம் கிடைக்கும்.

எருவும் கோமியமும் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதுவது சுலபம். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பண்ணையைப் போலக் கொட்டகையும் புல்வயலும் ஒரே வளாகத்தில் இருந்தால் ஒரு சிமென்ட் வாய்க்காலும் தொட்டியும் போதும், கோமியத்தைப் பல மடங்கு தண்ணீரில் கலந்து பாசனத்தோடு விட்டுவிடலாம். சேலையூர்க் கொட்டகைக்கும் படப்பை வயலுக்கும் நடுவே வண்டலூர் மேம்பாலமும் நெரிசலும் இருக்கின்றன. தண்ணீரைச் சுமந்து போவது யாருக்கும் கட்டாது. ஆனால் கொட்டகைத் தரையில் தென்னைநார்க் கழிவையோ மரத்தூளையோ விரித்துவைத்தால் அது கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை வாரிச் சாக்கில் கட்டிவிடலாம். தென்னைநார்க் கழிவில் தன் பங்குக்கும் பொட்டாசியம் உண்டு. காலையில் புல் இறக்கிய குட்டி யானை வண்டிகள் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்புகின்றன. டீசல் செலவு ஏற்கெனவே புல்லின் விலையில் சேர்ந்தது. சாக்குக்கு என்ன விலை என்று மாட்டுக்காரரும் புல்காரரும் பேசிக்கொள்ள வேண்டும். மாநகராட்சி கொட்டகைகளுக்கு உரிமம் கொடுக்கும்போது தரைக்கு இந்த விரிப்பை நிபந்தனையாக வைத்தால், கோமியம் சாக்கடையில் இறங்குவதும் அந்த அளவுக்குக் குறையும்.